கிழக்கிந்திய இல்லமும் காவிரிப் படுகை மாமரமும்: ஆர்க்கிட் வளர்ப்பில் இடக்குறிப்பு இழந்த வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

காவிரிப் படுகையின் வீடுகளில் இன்று ஆர்க்கிட் ஒரு வீட்டுச் செடியாக வளர்க்கப்படுகிறது. அதற்கான வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக் கண்ணாடி இல்லங்களின் பட்டறிவிலிருந்து வந்தவை. அக்கண்ணாடி இல்லங்களுக்கு முதலில் செடிகளையும் செடிக் குறிப்புகளையும் அனுப்பிய நிலப்பகுதிகளுள் கோரமண்டல் கரையும் ஒன்று. படுகைச் சமவெளிக்கு உரிய வாண்டா டெசெல்லேட்டா என்னும் மர ஆர்க்கிடை மையமாகக் கொண்டு, ஒரு செடி தன் மரத்திலிருந்து நூலுக்கும், நூலிலிருந்து கண்ணாடி இல்லத்துக்கும், அங்கிருந்து வீட்டுச் சாளரத்துக்கும் சென்ற வழியில் அதன் இடத்தையும் பருவத்தையும் பற்றிய குறிப்பு எவ்வாறு விடுபட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆர்க்கிட் வளர்ப்பின் தோல்விகளும் வெற்றிகளும் இவ்விடக்குறிப்பின் இழப்போடும் மீட்போடும் தொடர்புடையவை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஆர்க்கிட், வாண்டா, புல்லுருவி, மரவாழை, தரங்கம்பாடி, காவிரிப் படுகை, தொற்றுத்தாவரம், இடக்குறிப்பு

1. முன்னுரை

தாவரவியல் வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் செடிகளைக் கண்டறிந்தோர், பெயரிட்டோர், படம் வரைந்தோர் ஆகியோரை முன்னிறுத்துகின்றன. ஒரு செடியை உயிரோடு வைத்திருக்கும் அறிவு, அதாவது வளர்ப்பறிவு, அவ்வரலாற்றில் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. ஆனால் ஆர்க்கிட் குடும்பத்தைப் பொறுத்தவரை வளர்ப்பறிவின் வரலாறு தனியே ஆராயத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட வெப்பமண்டல ஆர்க்கிட்களில் மிகப் பல அங்கு மடிந்தன. உலர்தாளில் அடையாளம் காணப்பட்ட செடி தொட்டியில் பிழைக்கவில்லை. பெயர் தெரிந்திருந்தும் பேணத் தெரியாத நிலை அது.

இந்நிலை எவ்வாறு தோன்றியது, தமிழகச் சூழலில் அதற்கு என்ன தொடர்பு என்பன இக்கட்டுரையின் வினாக்கள். தமிழ்ப் பெயரீட்டு மரபும் ஐரோப்பியத் தாவரவியல் மரபும் மரத்தின் மேல் வாழும் செடிகளை வெவ்வேறு வகையில் அறிந்தன. முன்னது செடியின் வாழ்முறையைப் பிழையாக உணர்ந்தபோதும் அது நின்ற மரத்தை மறக்கவில்லை. பின்னது செடியின் உடலமைப்பைத் துல்லியமாக அறிந்தபோதும் அதன் மரத்தையும் பருவத்தையும் வழியில் தவறவிட்டது. இவ்விரு அறிவும் சேரும் இடத்தில்தான் வளர்ப்பறிவு தொடங்குகிறது.

2. சமவெளியின் மர ஆர்க்கிட்

ஆர்க்கிட் என்றதும் மலைக்காட்டையே நினைப்பது வழக்கம். நீலகிரி, கொல்லிமலை, சேர்வராயன் மலை ஆகியவற்றின் ஆர்க்கிட்கள் தாவரவியலார் நன்கறிந்தவை. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறை ஆர்க்கிட்களுக்கெனத் தனித் தோட்டமே பேணி வருகிறது. எனினும் தமிழகத்தின் சமவெளியும் ஆர்க்கிட் இல்லாத நிலமன்று. மா, புளி, இலுப்பை போன்ற முதிர்ந்த மரங்களின் கிளைகளில் பற்றி வளரும் வாண்டா டெசெல்லேட்டா சமவெளியின் ஆர்க்கிட் ஆகும். திருச்சிராப்பள்ளி இராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய கே.எம். மேத்யூ தமிழகக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களை 1980களின் முற்பகுதியில் விரிவாகத் தொகுத்தளித்தார். சமவெளித் தாவர ஆய்வுக்கு அத்தொகுப்பே இன்றும் அடிப்படை.

இச்செடியின் அமைப்பு அதன் வாழ்விடத்தைச் சொல்லும். தடித்து நீண்ட வார் போன்ற இலைகள் இருபுறமும் வரிசையாக அமைந்திருக்கும். தண்டின் கணுக்களிலிருந்து விரல் தடிமனுக்குச் சற்றுக் குறைந்த வேர்கள் காற்றில் தொங்கும். சில மரப்பட்டையைத் தழுவி ஓடும். மஞ்சளும் பழுப்பும் கலந்த இதழ்களில் கட்டம் கட்டமான கோடுகள் இருக்கும், கீழிதழ் ஊதா நிறம் பெறும், மணமும் உண்டு. டெசெல்லேட்டா என்னும் இலத்தீன் அடைமொழி இக்கட்டக் கோலத்தைக் குறிப்பதே.

வேரின் மேல் வெண்சாம்பல் நிறத்தில் காணப்படும் போர்வை இறந்த செல்களாலான பஞ்சு அடுக்கு. மழைநீர் பட்டவுடன் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். காய்ந்ததும் மீண்டும் வெளுத்துவிடும். தடித்த இலையுடைய வாண்டாக்கள் பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமிலவாயுவைச் சேமிக்கும் இயல்புடையவை. நனைதல், விரைந்து உலர்தல், நெடுநாள் பொறுத்தல் ஆகிய மூன்றுக்கும் ஏற்ற உடல் இது. எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்துக்கு ஏற்ற உடலன்று.

3. பெயரும் வகைப்பாடும்: வந்தா, புல்லுருவி, மரவாழை

வாண்டா என்னும் பேரினப் பெயர் சமற்கிருத வந்தா என்னும் சொல்லிலிருந்து வந்தது. வில்லியம் ஜோன்ஸ் இந்தியச் செடிகள் பற்றி எழுதிய குறிப்புகள் அவர் 1794இல் இறந்தபின் ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழில் வெளிவந்தன. அவற்றுள் இச்சொல் மர ஆர்க்கிடுக்கு உரியதாக இடம்பெற்றது. 1820இல் ராபர்ட் பிரவுன் அதனையே பேரினப் பெயராக நிலைநிறுத்தினார்.

அமரகோசத்தில் வந்தா என்பதற்கு இணையாகத் தரப்படும் சொற்கள் கவனத்துக்குரியவை. விருக்ஷாதனி என்பது மரத்தை உண்பது எனப் பொருள்படும். விருக்ஷருஹா என்பது மரத்தின் மேல் முளைப்பது எனப் பொருள்படும். முதற்சொல் ஒட்டுண்ணியைச் சுட்டுகிறது. இரண்டாவது இருப்பிடத்தை மட்டும் சுட்டுகிறது. உண்பதும் முளைப்பதும் ஒரே பெயர் வரிசையில் நிற்பதால், ஒட்டுண்ணிக்கும் தொற்றுத்தாவரத்துக்கும் இடையிலான வேறுபாடு அம்மரபில் முதன்மை பெறவில்லை எனக் கொள்ளலாம். ஆர்க்கிட் மரத்தை உண்பதில்லை. மரம் அதற்கு நிற்குமிடம் மட்டுமே. நீரையும் ஊட்டத்தையும் மழையிலிருந்தும் பட்டையில் தங்கும் மக்கிலிருந்தும் அது பெறுகிறது. இருந்தும் ஒட்டுண்ணியின் பெயரையே உலகத் தாவரவியலில் அது தாங்கி நிற்கிறது.

தமிழில் புல்லுருவி, குருவிச்சை என்னும் பெயர்கள் லொராந்தேசிக் குடும்பத்து ஒட்டுண்ணிகளுக்கு உரியவை. இவை மெய்யாகவே மரத்தின் சாற்றை உறிஞ்சுபவை. நாட்டு மருத்துவ வழக்கில் புல்லுருவி எப்போதும் தன் மரத்தின் பெயரோடு சேர்த்தே வழங்கப்படும். புளியம் புல்லுருவி வேறு, மாமரத்துப் புல்லுருவி வேறு. குணமும் மரத்துக்கு ஏற்ப மாறும் என்பது நம்பிக்கை. மருத்துவ நோக்கில் இந்நம்பிக்கை ஆய்வுக்குரியது. ஆயினும் வகைப்பாட்டு நோக்கில் இதில் ஒரு நெறி உண்டு: மரத்தின் மேல் வாழும் செடியை அதன் மரத்தைக் குறிப்பிடாமல் பெயரிட இயலாது என்பதே அந்நெறி.

மலையாள வழக்கில் மரவாழ என்றும் தமிழில் மரவாழை என்றும் அமையும் தொகைச்சொல் ஆர்க்கிடை ஒட்டுண்ணியிலிருந்து பிரித்துக் காண்கிறது. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதன் இறுதித் தொகுதியில் பல ஆர்க்கிட்கள் மரவாழ என்னும் ஈற்றோடு இடம்பெற்றுள்ளன. பொன்னாம்பூ மரவாழ என அங்குப் பதிவான மஞ்சள் மலர்ச் செடியை லின்னேயஸ் 1753இல் எபிடெண்ட்ரம் என்னும் தொகுப்புப் பேரினத்தில் சேர்த்தார். மரத்தின் மேல் இருப்பது என்பதே எபிடெண்ட்ரம் என்னும் சொல்லின் பொருள். எந்த மரம், எந்த நாடு, எந்தப் பருவம் என்னும் வினாக்களுக்கு அப்பெயரில் விடையில்லை. அமெரிக்கச் செடியும் மலபார்ச் செடியும் ஒரே பெயரின்கீழ் அடங்கின.

4. தரங்கம்பாடியும் கோரமண்டல் கரையும்

காவிரிப் படுகைக்கும் ஐரோப்பியத் தாவரவியலுக்கும் இடையில் பாலமாக நின்ற ஊர் தரங்கம்பாடி. தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620இல் டேனியர் அங்கு நிலைகொண்டனர். 1845இல் அவ்வூர் ஆங்கிலேயருக்கு விற்கப்படும் வரை அவர்கள் வசம் இருந்தது. லின்னேயஸிடம் பயின்ற யோஹன் கெர்ஹார்டு கோனிக் 1768இல் மருத்துவராக அங்கு வந்து சேர்ந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றினார். 1785இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் இறந்தார். அவருடைய கையெழுத்துப் படிகள் ஜோசப் பேங்க்ஸின் கைக்குச் சென்றன.

கோனிக் எழுதிய ஆர்க்கிட் விவரிப்புகளை சுவீடன் நாட்டுத் தாவரவியலார் ரெட்ஸியஸ் 1791இல் தம் தொகுப்பில் வெளியிட்டார். கோனிக் 1778 முதல் 1780 வரை மேற்கொண்ட சயாம், மலாக்கா பயணத்தோடு இவ்விவரிப்புகள் பெரிதும் தொடர்புடையவை. உயிருள்ள மலரை எதிரில் வைத்துக்கொண்டு எழுதியவர் கோனிக் என்பதால், உலர்தாளை மட்டும் கண்டு எழுதப்பட்டவற்றினும் அவை செறிவானவை. ஆனால் எழுதியவர் இறந்து ஆறாண்டுகளுக்குப் பின், செடிகளை அவற்றின் இடத்தில் கண்டிராத ஒருவரின் பதிப்பில் அவை வெளிவந்தன. தலைப்பில் இருந்த இடக்குறிப்பு கிழக்கிந்தியா என்பது மட்டுமே.

தரங்கம்பாடி வட்டத்தைச் சேர்ந்த மற்றொருவர் யோஹன் பீட்டர் ராட்லர். 1776இல் அங்கு வந்த அவர் செடி திரட்டுவதிலும் தமிழ்ச் சொல் திரட்டுவதிலும் ஒருங்கே ஈடுபட்டார். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதியின் முதற்பகுதி 1834இல் வெளிவந்தது. 1836இல் அவர் இறந்தபின் பணி நிறைவுற்றது. அவர் திரட்டிய உலர்தாவரங்கள் இலண்டன் சென்று, பின்னர்க் கியூ தோட்டத்தைச் சேர்ந்தன. சொல் ஒரு நூலிலும் செடி ஒரு தாளிலுமாக, ஒரே மனிதரின் இரு திரட்டுகள் இரு வேறு துறைகளுக்கு உரியனவாகப் பிரிந்தன. தமிழாய்வாளர் அகராதியைப் பயில்கின்றனர். தாவரவியலார் தாளைப் பயில்கின்றனர்.

படுகையின் மர ஆர்க்கிடுக்கு அறிவியல் வாழ்வு தந்தவர் கோனிக்கோடு பழகிய வில்லியம் ராக்ஸ்பர்க். கோரமண்டல் கரையின் வடபகுதியில் சாமல்கோட்டையில் பணியாற்றிய அவர், பல ஆண்டுகளாக இந்திய ஓவியர்களைக் கொண்டு செடிகளை வரைவித்தார். அவற்றுள் தேர்ந்த 300 படங்கள் 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளாக இலண்டனில் அச்சாயின. முதல் தொகுதியின் 42ஆம் படம் எபிடெண்ட்ரம் டெசெல்லேட்டம். அதுவே இன்றைய வாண்டா டெசெல்லேட்டா. வெண்தாளின் நடுவே செடியைத் தனித்து நிறுத்துவது அத்தொகுதிகளின் படமரபு. அடையாளம் காண்பதற்கு அது சிறந்த முறை. செடி எந்த உயரத்தில், எவ்வளவு வெயிலில், எந்த மாதம் காய்ந்து எந்த மாதம் தளிர்த்தது என்பதைக் காட்டும் முறை அன்று.

இதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) செடி, பறவை, விலங்குகளின் ஓவியங்களை வரைவித்தார். தன்வந்திரி மகாலில் மருத்துவ முறைகள் திரட்டப்பட்டன. மருந்தாகப் பயன்படுவது எது என்பதே அம்முயற்சியில் முதன்மை வினா. வடநாட்டுச் சந்தையில் வாண்டாவின் வேர் ராஸ்னா என்னும் பெயரில் வழங்க, தென்னாட்டில் அவ்விடத்தை அரத்தை பெற்றிருந்தது. எனவே சமவெளியின் மர ஆர்க்கிட் இங்குச் சரக்குக் கடையின் தேவையாகவும் வளரவில்லை; பூந்தோட்டத்தின் தேவையாகவும் வளரவில்லை. அது மரத்திலேயே இருந்தது. அதனைப் பேணும் முறை என ஒன்று எழுதப்படாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

5. கிழக்கிந்திய இல்லம்

இலண்டன் ஹாக்னியில் லாடிஜஸ் நிறுவனம் 1812 அளவில் ஆர்க்கிட்களை விற்பனைக்காக வளர்க்கத் தொடங்கியது. 1830இல் ஜான் லிண்ட்லி தோட்டக்கலைச் சங்கத்தில் மர ஆர்க்கிட் வளர்ப்புப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார். மிகு வெப்பம், அடர் நிழல், இடையறாத ஈரம் ஆகியவை அதன் அடிப்படை. வெப்பமண்டலம் என்பது எங்கும் எப்போதும் இருண்ட ஈரக்காடு என்னும் எண்ணமே அதற்குப் பின்னணி. அக்காலத்தில் பெரும் மதிப்புப் பெற்ற அறிஞரின் கூற்று என்பதால் அது பரவலாகப் பின்பற்றப்பட்டது. காற்றோட்டமற்ற கண்ணாடி இல்லங்களில் செடிகள் அழுகின.

லிண்ட்லியின் பிழையை அவருடைய அறிவுக்குறைவு எனக் கொள்வது பொருந்தாது. அவர் அக்காலத்தின் தலைசிறந்த ஆர்க்கிட் வகைப்பாட்டாளர். தம்மிடம் வந்த தாள்களையும் செடிகளையும் கொண்டு முடிவு செய்தார். அவற்றில் இல்லாதது மரமும் பருவமுமே. கிழக்கிந்தியா என்னும் ஒற்றைச்சொல் கோடையில் வெடிக்கும் சமவெளியையும், பனி இறங்கும் காசி மலையையும், ஆண்டு முழுதும் மழை பெய்யும் மலாக்காவையும் ஒன்றாக்கிவிட்டது.

மாற்றம் தோட்டக்காரர்களிடமிருந்து வந்தது. சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தின் பொறுப்பாளர் ஜோசப் பாக்ஸ்டன் 1830களில் காற்றோட்டத்தை மிகுவித்து, செடிகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் பிரித்து வளர்க்கத் தொடங்கினார். 1835இல் அவர் தம் உதவியாளர் ஜான் கிப்சனை இந்தியாவுக்கு அனுப்பினார். காசி மலைப்பகுதியிலிருந்து பெருந்தொகையான ஆர்க்கிட்களோடு கிப்சன் 1837இல் திரும்பினார். செடி திரட்டுவதோடு அது வளரும் இடத்தையும் காண ஒரு தோட்டக்காரர் சென்றார் என்பதே இதில் முதன்மையானது.

ஜோசப் டால்டன் ஹூக்கரின் பட்டறிவும் இதற்குச் சான்று. 1850இல் காசி மலையில் நீலவாண்டா ஓக் மரங்களில் காற்றிலாடி நிறைந்து பூத்திருப்பதை அவர் கண்டார். கியூ தோட்டத்துக்கென ஏழு ஆள் சுமை திரட்டினார்; இங்கிலாந்தை உயிரோடு அடைந்தவை மிகச் சில. இதனை 1854இல் வெளிவந்த தம் இமயப் பயண நூலில் அவரே பதிவு செய்துள்ளார். இப்பதிவை இன்று படிக்கும்போது இரு செய்திகள் புலனாகின்றன. ஒன்று, காற்றும் வெளிச்சமும் மிக்க இடமே அச்செடியின் வாழ்விடம். மற்றொன்று, அறிவியலின் பெயரால் ஒரு மலைச்சரிவு எவ்வளவு இழந்தது என்பது.

நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆர்க்கிட் வளர்ப்போர் மூவகை இல்லங்களை அமைத்துக்கொண்டனர். அவற்றுள் மிகு வெப்பமுடையதன் பெயர் கிழக்கிந்திய இல்லம். கோனிக்கின் விவரிப்புகளுக்கு மேல் நிலப்பெயராக நின்ற சொல் இங்கு ஒரு வெப்பநிலையின் பெயராகிவிட்டது. ஆயினும் செடிகளைப் பிரித்து வைத்தது முன்னேற்றமே. இடக்குறிப்பு முழுமையாக மீளவில்லை. அதன் நிழல் மட்டும் மீண்டது.

6. வீட்டுச் செடியாதல்

இருபதாம் நூற்றாண்டில் இரு கண்டுபிடிப்புகள் ஆர்க்கிடை மாளிகையிலிருந்து வீட்டுக்கு இறக்கின. 1922இல் லூயிஸ் நட்சன் பூஞ்சைத் துணையின்றிச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஆர்க்கிட் விதைகளை முளைக்கச் செய்யலாம் எனக் காட்டினார். 1960இல் ஜார்ஜ் மோரேல் நுனித்திசுவிலிருந்து ஆர்க்கிடைப் பெருக்கும் முறையை வெளியிட்டார். காட்டிலிருந்து பிடுங்காமலே ஒரே வகையைப் பல்லாயிரக் கணக்கில் உண்டாக்க முடிந்தது. இன்று ஃபலெனாப்சிஸ், டென்ட்ரோபியம் கலப்பினங்கள் எளிதில் கிடைப்பதற்கு இவையே அடிப்படை.

கலப்பினத்துக்குத் தாய்நிலம் என ஒன்றைச் சுட்டுவது கடினம். ஆதலால் சீட்டில் இருப்பது வணிகப் பெயரும் பொதுவான சில அறிவுரைகளுமே: கிழக்குச் சாளரம், வாரம் ஒருமுறை நீர், வசந்த காலத்தில் தொட்டி மாற்றல். இவை பிழையானவை அல்ல. எழுதப்பட்ட ஊருக்குச் சரியானவை. குளிர்காலத்தில் வெப்பமூட்டப்படும் மூடிய வீடு அவ்வூர். கும்பகோணத்து முற்றமோ மன்னார்குடி மொட்டைமாடியோ அதுவன்று. கிழக்கிந்திய இல்லம் என்னும் பெயரில் நிகழ்ந்த பிழை இங்குத் தலைகீழாக நிகழ்கிறது. அன்று நம் பருவம் தெரியாமல் அங்குச் செடி மடிந்தது. இன்று அவர்களுடைய பருவத்தைப் பின்பற்றி இங்குச் செடி மடிகிறது.

7. படுகையின் பருவமும் வளர்ப்பு முறையும்

வளர்ப்பு முறையைப் படுகையின் பருவத்திலிருந்து வகுப்பது எவ்வாறு? படுகை மரத்தில் வாழும் வாண்டாவின் ஓராண்டை நோக்கினால் விடை கிடைக்கும். வழக்கப்படி சூன் 12இல் மேட்டூர் அணை திறந்தபின் வாய்க்கால்கள் ஓடும். குறுவையும் பின் சம்பாவும் வயல்களில் நீரை நிறுத்தும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஆண்டு மழையின் பெரும்பகுதியைக் கொட்டும். மார்கழி, தை மாதங்களில் இரவு குளிரும். அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் விளையும் வயல் மாசி தொடங்கிக் காயும். சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 பாகை செல்சியஸை நெருங்கும். நான்கு வெவ்வேறு நிலைகளையும் ஒரே செடி கடக்கிறது.

இதனைத் தொட்டிக்கு மாற்றினால் பின்வரும் நெறிகள் பெறப்படும். வாண்டாவுக்கு மண் வேண்டாம். மரச்சட்டக் கூடையில் வேரைத் தொங்கவிட்டு, மரக்கரித் துண்டோ ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டோ சிறிதளவு இட்டால் போதும். மட்டையை ஊறவைப்பது அதன் உப்பும் சாயநீரும் நீங்குவதற்காக. காலை வெயில் நேராகவும் நண்பகல் வெயில் நிழல்வலை அல்லது மரக்கிளை வழியாகவும் பட வேண்டும். கோடையில் நாள்தோறும் காலையில் வேர் பச்சையாக மாறும்வரை நனைத்து, மாலைக்குள் வெளுக்கும்படி விட வேண்டும். நீர் போதுமா என்பதை நாட்காட்டியைவிட வேரின் நிறமே தெளிவாகச் சொல்லும்.

ஃபலெனாப்சிஸின் நிலை வேறு. அதற்கு நேர்வெயில் ஆகாது. 35 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது சோர்வுறும். மொட்டைமாடியின் சூட்டைவிடத் தாழ்வாரமும் முற்றத்தின் ஓரமும் அதற்கு ஏற்றவை. அடைமழை நாட்களில் இலைகளின் நடுக்குழியில் நீர் தங்கினால் குருத்து அழுகும். மரத்தில் வளரும்போது செடி சாய்ந்து தொங்குவதால் நீர் வடிந்துவிடும். தொட்டியில் நிமிர்த்தி வைக்கப்படுவதால் தேங்கும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் அதனைக் கூரைக்கு அடியில் சற்றுச் சாய்த்து வைப்பதே பேணல். அது பூங்கதிர் விடுவதற்குச் சில வாரங்கள் இரவுக் குளிர்ச்சி தேவை. படுகையில் அக்குளிர்ச்சியைத் தருபவை மார்கழியும் தையும். இயற்கையாகக் கிடைக்கும் அவ்வாரங்களில் செடியை மூடிய அறைக்குள் வைப்பது பூவை இழப்பதாகும்.

தொட்டி மாற்றுவதற்கும் இங்கு வசந்தத்தைத் தேட வேண்டியதில்லை. புதிய வேர்முனை பச்சையாகத் தோன்றும் காலமே உரியது. பூத்து ஓய்ந்த செடிக்கு, கடுங்கோடையும் அடைமழையும் தவிர்ந்த ஆனி, ஆடி மாதங்கள் பொருத்தமானவை. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. ஆர்க்கிட் வேரின் பஞ்சுப் போர்வையில் உப்புப் படிந்தால் வேர்முனை கருகும். அங்கெல்லாம் சேமித்த மழைநீரே உகந்தது.

8. தாங்கு மரங்களின் இழப்பு

இவ்வறிவு இன்னும் எழுதப்படக்கூடியதாக இருப்பதற்குக் காரணம், செடியின் மூல வாழ்விடம் கண்முன் இருப்பதே. அது நிலையானதன்று. சாலை விரிவாக்கத்தில் புளிய மரங்கள் வெட்டப்படுகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பெருந்தொகையான மரங்களைச் சாய்த்தது. தென்னையின் இழப்பு இழப்பீட்டுக்காகக் கணக்கிடப்பட்டது. விழுந்த முதுமரங்களோடு சென்ற தொற்றுத்தாவரங்கள் எந்தக் கணக்குக்கும் உரியவை அல்ல. மீண்டும் நடப்படும் கன்று ஆர்க்கிடைத் தாங்கும் சொரசொரப்பான பட்டையும் அகன்ற கிளையும் பெறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் இடம்பெற்றுள்ளது. எல்லை கடக்கும் செடியை அது காக்கும். சாலையோரப் புளியைக் காப்பது அதன் பணியன்று. எனவே காட்டுச் செடியை வீட்டுக்குப் பெயர்த்து வருவது தவிர்க்கப்பட வேண்டும். வீழ்ந்த கிளையில் உள்ள செடியை அருகில் நிற்கும் மற்றொரு முதுமரத்தில் நார்க்கயிற்றால் கட்டிவிடுவது, தொட்டியில் வளர்ப்பதினும் சிறந்த பேணல் ஆகும். புதிய வேர் பட்டையைப் பற்றும்வரை கட்டு நெகிழாதிருந்தால் போதும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. மரத்தின் மேல் வாழும் செடியை ஒட்டுண்ணியெனக் கருதிய மரபு அதன் வாழ்முறையைத் தவறாக உணர்ந்தது. ஆயினும் புல்லுருவியை அதன் மரத்தோடு சேர்த்துப் பெயரிட்ட நெறி வளர்ப்பறிவுக்குத் தேவையான இடக்குறிப்பைக் காத்தது. தரங்கம்பாடியிலும் கோரமண்டல் கரையிலும் உருவான தாவரவியல் அவ்வாழ்முறையைத் திருத்தமாக அறிய வழி செய்தது. ஆனால் தாளும் படமும் பெயரும் பயணம் செய்தபோது மரமும் மாதமும் பின்தங்கின. கிழக்கிந்திய இல்லம் என்னும் பெயர் அவ்விழப்பின் எச்சம். பாக்ஸ்டன் முதலான தோட்டக்காரர்கள் செய்தது, இழந்த குறிப்பைப் பட்டறிவால் ஓரளவு மீட்டது.

இன்று படுகை வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பவருக்கும் அதே பணி உள்ளது. மாசியில் காய்ந்து ஐப்பசியில் நனையும் செடிக்கான குறிப்பு தமிழ் மாதங்களின் பெயரால் எழுதப்பட வேண்டும். ஆய்வாளர்களுக்கு உரிய பணிகள் இரண்டு. ஊர்தோறும் முதுமரங்களையும் அவற்றின் மேலுள்ள ஆர்க்கிட்களையும் அவற்றுக்கு வழங்கும் பெயர்களையும் மரத்தின் பெயரோடு சேர்த்துப் பதிவு செய்வது முதற்பணி. தரங்கம்பாடி வட்டத்தாரின் அகராதிகளையும் உலர்தாவரத் தாள்களையும் ஒப்பிட்டுப் பயில்வது மற்றது. இவற்றில் முதற்பணி காத்திருக்காது. தாளும் அகராதியும் காப்பகத்தில் இருக்கும். மரம் அடுத்த புயல்வரை மட்டுமே இருக்கலாம்.